கீபோர்டுக்கு எதற்கு டிரான்ஸ்பர்?

நம் ஆவடியில் தயாராகிற அர்ஜுன் டாங்கி என்ன விலை தெரியுமா உங்களுக்கு? 2021 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிடம் 118 டாங்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. மொத்தம் 7,523 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள். ஒன்று கிட்டத்தட்ட 64 கோடி வரும். இப்படி வாங்கிய டாங்கியை மூன்று வருஷம் ஓட்டிவிட்டு, 'இது ஒரே வேலையில் ரொம்ப நாள் இருந்துவிட்டது, இனிமேல் கன்டோன்மென்ட்டுக்குத் தண்ணி லாரியாக ஓடட்டும்' என்று ஒரு ஜெனரல் உத்தரவு போட்டால் என்ன ஆகும்? சி.ஏ.ஜி. அறிக்கையில் ஓர் அத்தியாயமே எழுதுவார்கள். டி.வி.யில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

இதையே பயிற்சி கொடுத்து உருவாக்கிய ஒரு மனிதனுக்குச் செய்தால் யாரும் மூச்சு விட மாட்டார்கள். அதற்குப் பெயர் போஸ்டிங்.

நான் சொல்வது ராணுவத்தின் கம்ப்யூட்டர் சண்டைக்காரர்களைப் பற்றி. சைபர் போர் என்றவுடன் உங்களுக்கு சினிமாதான் ஞாபகம் வரும். இருட்டு ரூமில் தாடி வைத்த ஒரு பையன் பத்து விநாடி படபடவென்று தட்டிவிட்டு 'உள்ளே போயாச்சு' என்பான். உடனே ஏவுகணை திசை மாறும். நிஜமான சைபர் போர், சொன்னால் வருத்தப்படக்கூடாது, ரொம்ப போர். மாசக்கணக்கில் காத்திருக்கிற வேலை அது.

2015 டிசம்பர் 23-ம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு உக்ரைனில் இவானோ-பிராங்கிவ்ஸ்க் என்கிற ஊர். அங்கே மின்சாரக் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் ஒருவர் ஷிப்ட் முடிந்து கிளம்பத் தயாராகிக்கொண்டிருக்கிறார். திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்கிறது. நேரே போய் ஒரு சப்-ஸ்டேஷனின் பிரேக்கரைத் திறக்கிறது. அடுத்ததுக்குப் போகிறது. இவர் மவுஸைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார், அம்பு கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இவரையே வெளியே தள்ளிவிட்டு பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார்கள். மொத்தம் மூன்று கம்பெனிகள். சுமார் இரண்டே கால் லட்சம் வீடுகளும் கடைகளும் இருட்டில். போதாக்குறைக்கு, 'கரண்ட் போச்சு' என்று புகார் சொல்லக்கூட முடியாதபடி கஸ்டமர் கேருக்குப் பொய்யான போன் கால்களைக் குவித்து லைனை அடைத்துவிட்டார்கள். டிசம்பர் குளிரில்.

இதைச் செய்தவர்கள் அன்றைக்குச் சாயங்காலம் வந்து உட்கார்ந்தவர்கள் இல்லை. ஆறு மாசத்துக்கும் மேலாக உள்ளேயே இருந்திருக்கிறார்கள். ஈமெயிலில் ஒரு வேர்டு ஃபைலை அனுப்பி, அதைத் திறக்க ஒரு அப்பாவி கிடைத்து, அங்கிருந்து பாஸ்வேர்டுகளைப் பொறுக்கி, எந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது, எந்த ஆபரேட்டர் எப்போது வருவார் என்று பாடம் படிப்பது போலப் படித்திருக்கிறார்கள்.

இதைவிட முக்கியம், பிறகு நடந்தது. அடுத்த வருஷம் அதே டிசம்பர், இம்முறை தலைநகர் கீவ். மவுஸ் எல்லாம் நகரவில்லை. போன வருஷம் கையால் செய்ததை இந்த வருஷம் ஒரு புரோகிராம் தானே செய்தது. 2017-ல் நாட்பெட்யா என்ற அழிப்பு வைரஸ் உக்ரைனில் கிளம்பி உலகக் கப்பல் கம்பெனிகள் வரை முடக்கிப் போட்டது. 2018-ல் தென்கொரிய குளிர்கால ஒலிம்பிக்ஸ் தொடக்க விழா. இந்த நாலும் ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் ஒரே யூனிட், எண் 74455, செய்த வேலை என்று 2020 அக்டோபரில் அமெரிக்கா குற்றப்பத்திரிகை போட்டது. ஆறு ஆபீசர்கள் பெயரும் அதில் இருந்தது. ரஷ்யா வழக்கம்போல் மறுத்துவிட்டது. நியாய அநியாயத்தை விடுங்கள், அது அக்கிரமம்தான். நான் பார்ப்பது வேறு விஷயம். ஒரு யூனிட், ஒரே தொழில், வருஷத்துக்கு வருஷம் கை தேறிக்கொண்டே போயிருக்கிறது. நடுவில் யாரோ ஒரு மேலதிகாரி அந்த யூனிட்டைக் கலைத்து, 'நீ போய் சமையல் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்' என்று ஆளுக்கொரு பக்கம் அனுப்பியிருந்தால், 2016-ல் மறுபடி 'மவுஸை எப்படிப் பிடிப்பது' என்பதிலிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

உக்ரைன் எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன என்கிறீர்களா? 2019 அக்டோபரில் கூடங்குளம் பெயர் அடிபட்டதே, மறந்திருக்க மாட்டீர்கள். முதல் நாள், 'எங்கள் சிஸ்டம் வெளியுலகத்தோடு இணைக்கப்படவே இல்லை, தாக்க வழியே இல்லை' என்று அணுமின் நிலையம் அடித்துச் சொன்னது. மறுநாளே அணுமின் கழகம், 'நிர்வாக நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தது உண்மைதான், உலையைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம் பாதிக்கப்படவில்லை' என்றது. செப்டம்பர் 4-ம் தேதியே அதற்குத் தகவல் வந்துவிட்டது என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. 2021 பிப்ரவரியில் ரெக்கார்டட் ஃப்யூச்சர் என்கிற அமெரிக்கக் கம்பெனி ஒரு பட்டியல் வெளியிட்டது. சீனாவோடு தொடர்புள்ள ஒரு கோஷ்டி குறிவைத்த இந்திய மின்துறை அமைப்புகள் பத்து, துறைமுகங்கள் இரண்டு. ஒன்று மும்பை. இன்னொன்று நம் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம். 2022-ல் மறுபடி ஒரு அறிக்கை. இந்தத் தடவை லடாக்கை ஒட்டிய வட இந்திய மின் பகிர்வு மையங்கள் ஏழு. 'சேதம் ஒன்றும் இல்லை' என்றது அரசாங்கம். சந்தோஷம். ஆனால் அந்தப் பக்கம் உட்கார்ந்து நம்முடைய மின் கம்பிகளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் ஆசாமி அடுத்த மாசம் டிரான்ஸ்பரில் போய்விடுவான் என்று யாராவது உங்களுக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்களா?

சரி, இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்?

2012-லேயே நரேஷ் சந்திரா கமிட்டி, முப்படைக்கும் பொதுவாக ஒரு சைபர் கமாண்ட் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. ஆறு வருஷம் யோசித்து 2018-ல் கமாண்டைக் குறைத்து ஏஜென்சி என்று ஆக்கி அனுமதி கொடுத்தார்கள். 2019-ல் ஒரு ரியர் அட்மிரலைத் தலைவராகப் போட்டார்கள். 2023-ல் தரைப்படை தனக்கென்று சைபர் பிரிவுகளை அறிவித்தது. 2024 மே மாசம் ஐந்து நாள் 'சைபர் சுரக்ஷா' என்று ஒத்திகை நடந்தது. அடுத்த மாசமே சைபர் போருக்கான கூட்டுக் கோட்பாடு புத்தகமாக வந்தது. ஆக, போர்டு மாட்டியாச்சு, புஸ்தகம் போட்டாச்சு. குறை சொல்லவில்லை, எதுவும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் உள்ளே உட்காரப்போகிற ஆளைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோயமுத்தூரிலோ திருச்சியிலோ பி.இ. முடித்தவன். குறுகிய கால சேவை ஆபீசராகத் தேர்வாகி, பரங்கிமலை அகாடமியில் 49 வாரம் ஓடி, உருண்டு, தாண்டி வெளியே வருகிறான். சிக்னல்ஸ் பிரிவு. மத்தியப் பிரதேசத்தில் மாவ் என்ற ஊரில் ராணுவத்தின் தகவல் தொடர்புக் கல்லூரி இருக்கிறது, அங்கே படிக்கிறான். கெட்டிக்காரன் என்று சைபர் வேலைக்கு அனுப்புகிறார்கள். முதல் வருஷம் அவனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும். இரண்டாம் வருஷம் கொஞ்சம் வெளிச்சம். எந்த நெட்வொர்க்கில் எது வழக்கம், எது வழக்கமில்லை என்று மூக்கே சொல்ல ஆரம்பிக்கும். மூன்றாம் வருஷம் ஆர்டர் வரும்: பாலைவனத்தில் ஒரு ரெஜிமென்ட்டில் டெலிபோன் கேபிளும் ஜெனரேட்டர் டீசல் கணக்கும். ராணுவத்தில் ஒரு ஆபீசர் ஒரு நாற்காலியில் இரண்டு மூன்று வருஷம்தான் இருப்பது வழக்கம். அவன் மறுக்கவும் முடியாது, மறுத்தால் அவனுக்குத்தான் நஷ்டம். ஏனென்றால் மேலே போக வேண்டுமானால் ஒரு யூனிட்டைத் தலைமை தாங்கி நடத்திக் காட்டியிருக்க வேண்டும். எதிரி நெட்வொர்க்கில் பதினெட்டு மாசம் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தேன் என்று ரகசிய அறிக்கையில்கூட எழுத முடியாது.

அவன் இடத்துக்கு ஒரு புது ஆள் வருவார். அவருக்கும் கண்ணைக் கட்டி அதே காடு.

இந்த டிரான்ஸ்பர் ஏற்பாடு முட்டாள்தனத்தில் பிறந்ததல்ல. காலாட்படைக்கு அது சரி. சியாச்சினில் ஒருத்தனையே வருஷக்கணக்கில் வைக்க முடியாது; பாலைவனம், மலை, காடு எல்லாம் பார்த்தவன்தான் நல்ல கமாண்டர் ஆவான். ஆனால் அதே அளவெடுத்து எல்லாருக்கும் சட்டை தைத்தால்? ராணுவ ஆஸ்பத்திரியில் இருதய அறுவை செய்கிற டாக்டரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பீரங்கிப் படைக்கு மாற்றுகிறார்களா? மாட்டார்கள். அது தொழில் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இது இன்னும் 'கம்ப்யூட்டர் தெரிந்த பையன்' அளவிலேயே இருக்கிறது.

அமெரிக்கா இந்தப் பள்ளத்தில் நமக்கு முன்பே விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது. வேடிக்கை பார்த்தாலே பாதி பாடம் கிடைக்கும். 2010-ல் அங்கே சைபர் கமாண்ட் வேலையை ஆரம்பித்தது. 133 டீம், சுமார் 6,200 பேர் என்று திட்டம் போட்டு, 2018-ல் எல்லா டீமும் தயார் என்றார்கள். தயார் செய்கிற வேலை தரைப்படை, கடற்படை, விமானப் படை, மரீன்ஸ் என்று நாலு பேர் கையில். நாலும் நாலு விதம். தரைப்படை 2014-லேயே சைபருக்கென்று தனிப் பிரிவு வைத்துவிட்டது. கடற்படையோ காங்கிரஸ் காதைத் திருகிய பிறகு, 2023-ல்தான் மாலுமிகளுக்கு சைபர் என்று தனித் தொழிலே உண்டாக்கியது. அதுவரை வேறு வேலைக்காரர்களைக் கடன் வாங்கி, கற்றுக்கொடுத்து, கற்றுக்கொண்டதும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே நம் சி.ஏ.ஜி. மாதிரி ஜி.ஏ.ஓ. என்று ஒன்று உண்டு. 2022 டிசம்பரில் அது ஓர் அறிக்கை கொடுத்தது. காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு அதைப் படிக்கப் படிக்க ஆனந்தமாக இருந்தது. எதிரி நெட்வொர்க்குக்குள் கைவைக்கிற உயர்மட்ட ஆபரேட்டர் ஒருவரை உருவாக்க ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. தலைக்குச் செலவு பல லட்சம் டாலர். படித்து முடித்தபின் கட்டாயம் இத்தனை வருஷம் வேலை பார்க்க வேண்டும் என்று கடற்படையும் விமானப் படையும் மூன்று வருஷ விதி வைத்திருந்தன. மரீன்ஸிடம் விதியே இல்லை. தரைப்படையின் விதி யாருக்கும் புரியாத மாதிரி இருந்தது. போட்ட முதலுக்கு வரவு என்ன என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை, இதுதான் அறிக்கையின் சாரம். நம் ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புக்குப் போகிற டாக்டரிடம்கூட அரசாங்கம் பாண்டு எழுதி வாங்குகிறது!

2024 மார்ச்சில் மார்க் மான்ட்கோமரி, எரிகா லோனர்கன் என்ற இருவர் இந்தத் துறையில் இருந்த, இருக்கிற ஆபீசர்கள் 75-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசி ஒரு நீண்ட அறிக்கை எழுதினார்கள். ஆளெடுப்பதிலிருந்து பதவி உயர்வு வரை எல்லாம் கோணல், இதைத் திருத்த சைபருக்கென்று தனிப் படையே வேண்டும் என்பது அவர்கள் கட்சி. தனிப் படை என்றால் தனி யூனிஃபார்ம், தனி பேண்டு வாத்தியம், தனி கேன்டீன் என்று அது எங்கேயோ போய்விடும் என்று எனக்குப் பயம். ஆனால் நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்க விமானப் படை இன்னும் எளிய மருந்து ஒன்றைத் தேடி எடுத்தது. அங்கே 'வாரண்ட் ஆபீசர்' என்ற பதவியில் அறுபது வருஷத்துக்கும் மேலாகப் புதிதாக யாரையும் போட்டதில்லை. (நம் விமானப் படையிலும் அந்தப் பெயர் உண்டு, அது வேறு சமாசாரம்.) அதை 2024-ல் கம்ப்யூட்டர், சைபர் ஆட்களுக்காக மட்டும் தூசி தட்டி எடுத்தார்கள். அர்த்தம் இதுதான்: நீ யாரையும் தலைமை தாங்க வேண்டாம், உன் தொழிலைப் பார், அதிலேயே உனக்குப் பதவி உயர்வு உண்டு.

இந்தப் பேச்சை எடுத்தாலே நம் ஆட்கள் நாலு பதில் வைத்திருப்பார்கள். முதல் பதில், இஸ்ரேல். '8200 யூனிட்டைப் பாருங்கள் சார்!' பார்த்தாச்சு. அங்கே பதினெட்டு வயசில் ஏறக்குறைய எல்லாரும் பட்டாளத்துக்குப் போயே ஆக வேண்டும். ஒரு தலைமுறையில் மூளைக்காரர்கள் யார் யார் என்று பள்ளிக்கூடத்திலேயே வடிகட்டி எடுத்துக்கொள்கிறார்கள். நம்மால் அது முடியாது, தேவையும் இல்லை. தவிர, 2023 அக்டோபர் 7-ம் தேதியைக் கண்டுபிடிக்க முடியாமல் கோட்டை விட்டதற்காக அந்த யூனிட்டின் தலைவரே 2024-ல் ராஜினாமா செய்தார். ரொம்பவும் கும்பிட வேண்டாம்.

இரண்டாவது, சம்பளம். ஓ.எம்.ஆர். கம்பெனிகள் கொடுப்பதை ராணுவம் கொடுக்க முடியுமா? முடியாதுதான். கொஞ்சம் கிட்டே வரலாம். பிரிட்டன் 2025-ல் சைபர் ஆட்களை நேரடியாக எடுக்க ஆரம்பித்தபோது அடிப்படைப் பயிற்சியைப் பத்து வாரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மாசமாகக் குறைத்தது. ஆரம்பச் சம்பளம் வருஷத்துக்கு 40,000 பவுண்டுக்கு மேல். திறமைக்கென்று 25,000 பவுண்டு வரை தனியாக உண்டு. ஆனால் ராணுவத்திடம் வேறு எவரிடமும் இல்லாத ஒரு சரக்கு இருக்கிறது. சோழிங்கநல்லூரில் உட்கார்ந்து நீங்கள் அடுத்தவன் கம்ப்யூட்டருக்குள் புகுந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவில் மூன்று வருஷம் வரை உள்ளே போகலாம். அதையே தேசத்துக்காகச் செய்து சம்பளமும் வாங்கலாம் என்பது இந்தத் துறையில் பைத்தியமாக இருக்கிற பையன்களுக்கு எவ்வளவு பெரிய ஆசை தெரியுமா? அந்த ஆசையோடு வந்தவனைத்தான் டீசல் கணக்கு எழுத வைக்கிறோம்.

மூன்றாவது பதில் கொஞ்சம் கனமானது. ஒருத்தனை ஒரே இடத்தில் ரொம்ப நாள் வைத்தால் ரகசியத்தை விற்றுவிடுவான், அல்லது தனி ராஜ்ஜியம் நடத்துவான் என்பது. பயம் நியாயம்தான். ஆனால் எட்வர்ட் ஸ்னோடன் 2013-ல் ரகசியங்களை அள்ளிக்கொண்டு ஹாங்காங் போனபோது, அவர் கடைசியாகச் சேர்ந்த கம்பெனியில் மூன்று மாசம்கூட முடித்திருக்கவில்லை. ஆளைக் கண்காணிப்பது ஒரு வேலை, ஆளை மாற்றிக்கொண்டே இருப்பது வேறு வேலை. இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாக நினைத்துக்கொள்வது அரசாங்க ஆபீஸ்களில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை போலிருக்கிறது.

நாலாவது, அக்னிவீர். 'இளைஞர்கள் டெக்னாலஜியோடு வருகிறார்கள், சைபருக்கு இவர்கள்தான் லாயக்கு.' 2022 ஜூனில் திட்டத்தை அறிவித்தபோது சொன்ன கணக்கையே போடுவோம். மொத்தம் நாலு வருஷம். அதில் ஆரம்பப் பயிற்சி ஆறு மாசம். சைபர் பயிற்சிக்கு அமெரிக்கக் கணக்கில் ஒரு வருஷம். லீவு, மெடிக்கல் இத்யாதியைக் கழியுங்கள். வேலை தெரிந்த ஆளாக அவன் உட்காரப்போவது அதிகபட்சம் இரண்டு வருஷம். பிறகு 25 சதவீதம் பேர் மட்டும் தங்கலாம், மற்றவர்கள் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாயோடு வீட்டுக்குப் போகலாம். துப்பாக்கி பிடித்தவன் வீட்டுக்குப் போகும்போது துப்பாக்கியை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். இவன் எதை ஒப்படைப்பான்? ஆயுதம் மண்டைக்குள் அல்லவா இருக்கிறது! இருபத்திரண்டு இருபத்திமூன்று வயசில், வேலை தேடிக்கொண்டு. இந்தத் துறைக்கு இதைவிட அபாயமான ஆளெடுப்பு முறையை எதிரி நாட்டுக்காரனால்கூட யோசித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு பக்கம், பயிற்சி என்றாலே சர்ட்டிபிகேட் என்று ஆகிவிட்டது. வடபழனி பக்கம் போனால் 'ஆறே வாரத்தில் எத்திக்கல் ஹேக்கர்' என்று போர்டு பார்க்கலாம். பரீட்சை பாஸ் செய்தவன் ஹேக்கர் ஆகிவிட்டால், லைசென்ஸ் வாங்கியவன் எல்லாம் அர்ஜுன் டாங்கி ஓட்டலாம். இந்தத் தொழில் ஏற்கெனவே தெரிந்த ஒருத்தன் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஒட்டிக்கொள்ளும். தவில் மாதிரி, தச்சு மாதிரி. அப்படிப் பக்கத்தில் உட்கார ஒரு மூத்தவன் வேண்டும். மூத்தவனைத்தான் ராஜஸ்தானுக்கு அனுப்பிவிட்டோமே!

புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். குறுகிய கால சேவை ஆபீசருக்கு இப்போதே பத்து வருஷம் உண்டு. இஷ்டப்பட்டால் இன்னும் நாலு. அந்தப் பதினாலையும் சைபரிலேயே கழிக்க விடலாம். ஊர் மாற்றுங்கள், டெல்லியிலிருந்து மாவ், மாவிலிருந்து பெங்களூர், தாராளமாக. தொழிலை மாற்றாதீர்கள். யூனிட் தலைமை இல்லாமலே கர்னல் வரை ஏற ஒரு தனி ஏணி போடுங்கள். பெரிய பயிற்சிக்கு அனுப்பும்போது டாக்டர்களிடம் வாங்குவது போல பாண்டு வாங்குங்கள். அக்னிவீரில் சைபருக்கு என்று எடுத்தால் நாலு வருஷக் கணக்கே கூடாது. சிங்கப்பூரில் 2018-லிருந்து கட்டாய ராணுவ சேவைக்கு வரும் பையன்களில் சைபருக்குத் தேர்வானவர்கள், கூடுதல் காலம் இருக்கச் சம்மதித்தால், வேலை பார்த்துக்கொண்டே பல்கலைக்கழகப் படிப்பும் படிக்கலாம். அவர்களுடைய மொத்தப் பட்டாளமே நம் ஒரு மூலைக்குக் காணாது. அவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

பாராளுமன்றத்தில் பாதுகாப்புத் துறைக்கு ஒரு நிலைக்குழு இருக்கிறது. வருஷா வருஷம் ராணுவத்தின் மானியக் கோரிக்கையை அதுதான் அலசுகிறது. அமைச்சக அதிகாரிகள் அதன் முன்னால் வந்து உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். அதில் இருக்கிற எம்.பி. யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் சைபர் பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேர் இன்றைக்கும் அந்த வேலையில் இருக்கிறார்கள்? பெயர் வேண்டாம், யூனிட் வேண்டாம், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டாம். சதவீதம் போதும்.